முந்திரியும் கணினியும்

பின்னங்களைப் பிழையின்றிக் கையாளுதல் கணிதத்தின் பழைய இடர்ப்பாடுகளுள் ஒன்று. எண்சுவடி அதற்குக் கண்ட வழியையும், கென்னத் ஐவர்சனும் ரோஜர் ஹூயியும் 1990 இல் உருவாக்கிய ஜே என்னும் கணினிமொழி கண்ட வழியையும் ஒருங்கு வைத்து நோக்கின், இரண்டன் ஆற்றலும் குறையும் புலனாகும்.

எண்சுவடியின் கீழ்வாயிலக்கம் 320 இல் ஒன்றாகிய முந்திரியில் தொடங்குகின்றது. அரைக்காணி 2 முந்திரி, காணி 4, அரைமா 8, மா 16, கால் 80. பின்னங்கள் இவ்வாறு முழு எண்களாய் நின்று கூட்டலுக்கு எளிதில் இணங்கும். பத்தில் ஒன்று 32 முந்திரி, அஃதாவது இருமா. கணினியின் வழக்கமான இரும எண்முறையோ இரண்டின் அடுக்குகளையே பகுதியாகக் கொள்ளுதலின், இப்பத்திலொன்றைத் துல்லியமாக எழுதமாட்டாது. இவ்வகையில் முந்திரியே மேம்பட்டது.

ஆயின், வெருகல் வயலில் விளைந்த ஓர் அவணம் நெல்லை மூவர் சமமாகப் பகிர்வதாகக் கொள்க. ஒருவர்க்குக் கால், மா, அரைமா, அரைக்காணி. ஆக 106 முந்திரி. மூவர்க்கும் 318. எஞ்சிய 2 முந்திரி யாருக்கு உரியது? முன்னோர் இவ்விடரை அறியாதாரல்லர். முந்திரியை மீண்டும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்றும், அதனை 21 கூறாக்கி இம்மி என்றும் வகுத்தனர். 21 இல் மூன்றும் ஏழும் அடங்குதலின், மூன்றிலொன்றும் ஏழிலொன்றும் இம்மியளவில் எச்சமின்றி அமையும். எனினும் பதினொன்றிலொன்று அதற்கும் அகப்படாது. பகுதியை முன்னரே வரையறுக்கும் முறை எதற்கும் இக்குறை உண்டு.

ஜே மொழி பகுதியை முன்னர் வரையறுப்பதில்லை. ஒவ்வொரு பின்னமும் தன் தொகுதி எண்ணையும் பகுதி எண்ணையும் தானே சுமந்து செல்கின்றது. பின்னவரிசை ஒன்றை எழுதிப் பெருக்கலை அட்டவணையாக்கும் குறியை இட்டால், எண்சுவடியின் ஒரு பக்கமே வாய்பாடாய் விரியும். குறையும் இல்லாமலில்லை. ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்களின் தலைகீழ்ப் பின்னங்களைக் கூட்டினால், தொகுதி 7381, பகுதி 2520 என வளர்கின்றது. அன்றியும், ஓர் அணியின் உறுப்புகள் ஒரே வகையினவாதல் வேண்டும் என்பது அம்மொழியின் விதி. அணியில் தசமம் ஒன்று கலப்பின், பின்னங்கள் அனைத்தும் தசமமாகித் துல்லியம் இழக்கும்.

ஆதலால், பழையது யாவும் நிறைவுடையது எனலும், கணினி காட்டும் விடையெல்லாம் மெய் எனலும் ஒருங்கே தவறாம். எச்சம் எங்கே மறைகின்றது என வினவும் பழக்கத்தை மாணவர்க்கு ஊட்டுதற்கு, தசமத்திற்கு முன் பின்னத்தைக் கற்பித்தலே தக்க வழியாகும்.