இல்லத்துத் துணிக்கலையும் திறனாய்வின் அளவுகோலும்

தற்காலத் துணிக்கலை பற்றிய திறனாய்வு பெரும்பாலும் காட்சிக்கூடத்திலிருந்தே தொடங்குகிறது. மிருணாளினி முகர்ஜி (1949–2015) சணல் கயிற்றை முடிச்சிட்டு உருவாக்கியவை சிற்பங்களாக ஏற்கப்பட்டன. 2019இல் நியூயார்க்கில் அவருடைய படைப்புகளின் பெருங்கண்காட்சியும் நிகழ்ந்தது. இல்லத்துப் பெண்களின் முடிச்சும் பின்னலும் மட்டும் 'கைவேலை' என ஒதுக்கப்படுகின்றன. இப்பாகுபாடு பொருந்துமா?

நாகர்கோவில் லேஸ் இதனை மறுக்கிறது. 1820களில் மார்த்தா மால்ட் அங்குக் கற்பித்த இப்பின்னலின் வருவாயால் அடிமைப் பெண்கள் சிலர் விடுதலை பெற்றனர். தோள்சீலைப் போராட்டம் 1859 அரசாணை வரை நீண்ட திருவிதாங்கூரில், துணி அழகுப்பொருள் மட்டுமன்று, மானத்தின் அடையாளமுமாகும். எனவே, கிறித்துமஸ் நாளில் மேசைமீது விரிக்கப்படும் லேஸ் விரிப்பை வெறும் அலங்காரம் எனக் கடந்து செல்வது அவ்வரலாற்றையே கடந்து செல்வதாகும்.

காட்சிக்கூடத்தில் துணியைத் தொடலாகாது. இல்லத்திலோ அது துவைக்கப்பட்டு, மடிக்கப்பட்டு, கிழிந்த இடம் தைக்கப்பட்டு, அடுத்த மார்கழியிலும் வெளிவருகிறது. இப்புழக்கமே இல்லத்தின் சுவைப்புமுறை. ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் பெண்கள் வாழும் தேவாரம் போன்ற ஊர்களில், குடிலுக்குப் பின்திரையாகும் பழைய சேலையையும் இவ்வாறே அணுகலாம்.

இல்லத்துத் துணியெல்லாம் கலையாகிவிடாது. ஆயினும், அதனை வடிவமும் பின்னல்நுட்பமும் கொண்டே மதிப்பிட வேண்டும். அது விரிக்கப்பட்ட இடத்தைக் கொண்டு அன்று.