உணாவும் இறைச்சியும்: கலஹா மலைச்சாரலை முன்வைத்து ஒரு திறனாய்வுக் குறிப்பு

தொல்காப்பியர் கருப்பொருள்களை நிரல்படக் கூறுமிடத்துத் தெய்வத்தை அடுத்து உணாவை வைத்தார். மாவும் மரமும் புள்ளும் பறையும் செய்தியும் யாழும் அதன் பின்னரே இடம்பெறுகின்றன. நிலத்துக்கும் ஒழுக்கத்துக்குமுள்ள உறவை ஆராயப் புகுவோன், அந்நில மக்கள் எதை உண்டனர், அதை எவ்வாறு பெற்றனர், எவ்வாறு சமைத்தனர் என்பவற்றை முதலிலேயே வினவல் வேண்டும் என்பது இவ்வைப்புமுறையினின்று நாம் பெறும் குறிப்பாகும். எனினும் மலையகத் தமிழிலக்கியத்தைப் பற்றி எழுந்த திறனாய்வுகளை நோக்குமிடத்து, கொழுந்தும் கூடையும் லயமும் கங்காணியும் விரிவாக ஆராயப்பட்டிருக்க, உணா ஏறத்தாழ விடுபட்ட பொருளாகவே உள்ளது. சிறப்பாக, இறைச்சிச் சட்டி நம் ஆய்வாளர் எவரது கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை. இக்குறையின் காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் பழைய சான்றுகளைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். ஊனைச் சுடுதல், ஊனைப் புழுக்குதல் என்னும் இருவகைச் சமையலையும் சங்கப் புலவர்கள் நன்கு வேறுபடுத்தி அறிந்திருந்தனர். பொருநராற்றுப்படையில் கரிகாலன் வழங்கிய விருந்தில், இரும்புக்கோலிற் கோத்துச் சுட்ட ஊனும், நீரில் வெந்து குழைந்த செம்மறியின் தொடைக்கறியும் தனித்தனியே கூறப்படுகின்றன. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர் பாடிய பாட்டொன்றின் பெயரே ஊன்துவையடிசில் என்பதாகும். சிறுபாணாற்றுப்படையில் எயினர் மகளிர், புளியிட்டு ஆக்கிய சோற்றுடன் காட்டுப்பசுவாகிய ஆமானின் சுட்ட இறைச்சியைப் பாணர்க்கு அளிக்கின்றனர். அகநானூற்று 309ஆம் பாட்டோ, நிரை கவர்ந்த மழவர் தெய்வமுறையும் வேம்பினடியில் கொழுத்த ஆவொன்றை வெட்டிப் பலியிட்டு, அதன் ஊனைப் புழுக்கி உண்டதைக் கூறுகின்றது. வேட்டை விலங்கும் ஆவும் தமிழர் உலைக்கு அந்நியமாக இருந்ததில்லை என்பதற்கு இவை போதிய சான்றாம்.

ஆயினும் இச்சான்றுகளைக் கொண்டு பழம்பெருமை பேசுதல் எமது நோக்கமன்று. மழவரின் புழுக்கிலிருந்து இன்றைய லயத்துக் கறிச்சட்டிவரை அறுபடாத ஒரு மரபுத்தொடர் உண்டெனக் கூறுவோமாயின் அது வரலாற்றுக்குப் புறம்பாகும். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஆறலை கள்வராகிய மழவரைப் புலவன் அஞ்சத்தக்கவராகக் காட்டினானேயன்றி, அவர்கள் உண்ட உணவுக்காக அவர்களைப் பிறப்பால் இழிந்தோர் என்று பாடவில்லை. உண்ணும் பொருளைக் கொண்டு உண்போனின் பிறப்பை அளக்கும் வழக்கம் பின்னர் வலுப்பெற்றது. திருக்குறளின் புலான்மறுத்தல் அதிகாரத்தைக் கூட இவ்வழக்கத்துக்குத் துணையாகக் கொள்வது பொருந்தாது. அவ்வதிகாரம் உயிர்க்கொலை குறித்து எல்லா மாந்தரையும் நோக்கிப் பேசும் அறம். அது எவரது குலத்தையும் சுட்டுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் (1822–1879) முன்னெடுத்த சைவ ஒழுக்கத்திலோ புலால் விலக்கும் சாதியொழுங்கும் அருகருகே நின்றன. அருளினால் ஊன் துறத்தல் ஒன்று; ஊனுண்பானைத் திண்ணைக்குக் கீழே நிறுத்துதல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதிலேதான் சாதியத்தின் தந்திரம் அடங்கியுள்ளது.

இனிக் கண்டிப் பிரதேசத்துக்கு வருவோம். 1660 முதல் 1679 வரை கண்டியரசிற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இப்பிரதேசத்து உணவொழுக்கம் பற்றிப் பல செய்திகளைத் தருகின்றார். வேடர் தேனிலிட்டு மரப்பொந்துகளில் இறைச்சியைப் பேணியதை அவர் குறித்துள்ளார். றொடியர் எனப்பட்ட ஒதுக்கப்பட்ட மக்களைப் பற்றி அவர் பதிந்த ஐதிகமொன்று நம் கவனத்துக்குரியது. அம்மக்களின் முன்னோர் அரசனின் உணவுக்கு மானிறைச்சி அளித்துவந்த வேட்டுவர் என்றும், ஒருகால் மானிறைச்சிக்குப் பதிலாக மனித ஊனை அனுப்பியதனால் அரசன் அவர்களை என்றும் இரந்துண்போராகச் சபித்தான் என்றும் அவ்வைதிகம் கூறும். ஒரு சமூகத்தின் அடிமைநிலைக்குக் காரணம் கற்பிக்க வந்த கதை, அதனைச் சமையற்கூடத்திலேயே தேடிக்கொண்டது. மேலும், வெள்ளையர் உயர்குலத்தாருக்கு ஒப்பாக மதிக்கப்பட்டபோதும், மாட்டிறைச்சி உண்பதனால் ஒரு படி தாழ்ந்தோராகக் கருதப்பட்டனர் எனவும் நொக்ஸ் வாயிலாக அறிகிறோம். பிற்காலத்தில் அநகாரிக தர்மபால (1864–1933) மாட்டிறைச்சி உண்பதைக் கண்டித்துச் செய்த பிரசாரத்துக்கு இத்தகைய நெடிய பின்னணி இருந்தது.

கண்டிக்குத் தெற்கே, ஹந்தானை மலைத்தொடரின் மறுபுறத்திலமைந்த கலஹா, தோட்டங்களாற் சூழப்பட்ட சிறு நகரம். அதற்கப்பாலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டமை யாவரும் அறிந்ததே. அதற்கு முன்னரே கோப்பிக்காக இம்மலைக்காடுகள் அழிக்கப்பட்டன. காடழிந்தபோது மரையும் மானும் பன்றியும் தம் இடத்தை இழந்தன. எஞ்சிய விலங்குகளை வெள்ளைத் துரைமார் பொழுதுபோக்குக்காக வேட்டையாடினர். நுவரெலியாவில் தங்கியிருந்த சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களைக் கொண்டு மரை துரத்திய அனுபவங்களை 1850களில் நூல்களாக எழுதிப் புகழ்பெற்றார். துரையின் துப்பாக்கி வீரவிளையாட்டு எனப்பட்டது. தொழிலாளியின் சுருக்குக்கம்பி களவெனப்பட்டது. 1937இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்ட வேளையில், அழிக்க வேண்டியவை பெரும்பாலும் அழிந்திருந்தன. இவ்வாறு கூறுவதனால் சுருக்குக்கம்பியை நாம் நியாயப்படுத்துவதாகக் கொள்ளலாகாது. 2020 மேயில் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கிற் சிக்கிய கருஞ்சிறுத்தை பின்னர் இறந்தது. மலைநாட்டின் அரிய விலங்குகளுக்கு இக்கம்பி பெருங்கேடே. ஆனால் அக்கேட்டின் வரலாற்றைக் கம்பி வைத்த கையிலிருந்து மட்டும் தொடங்குவது அரைகுறை வரலாறாகும்.

சமையல்முறைக்கு வருவோம். கடின உழைப்புக்குட்பட்ட மாட்டின் காற்சந்து, கழுத்து, நெஞ்செலும்புப் பகுதி, வேட்டை விலங்கின் கொழுப்பற்ற தசை ஆகியவை இணைப்பிழையம் மிகுந்தவை. அவ்விழையத்திலுள்ள கொலாஜென் நீண்டநேரம் மெல்லிய வெப்பத்திற் கிடந்தாலன்றி ஜெலற்றினாக இளகாது. ஆகவே விலை மலிந்த இறைச்சி நேரத்தை மிகுதியாக வேண்டுகிறது. மலைநாட்டில் இன்னொரு தடையும் உண்டு. ஏறத்தாழ 300 மீற்றர் உயரத்துக்கு ஒரு பாகை சதமளவு என நீரின் கொதிநிலை குறைகின்றது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும். கொறுக்காய்ப்புளியும் மிளகும் கறுவாவும் வறுத்தரைத்த தூளுமிட்டு, சட்டியை மூடி, கவ்வாத்து மிலாற்றின் தணலில் மூன்று நான்கு மணிநேரம் வைத்தாற்றான் அவ்விறைச்சி குழையும். இறுதியில் தேங்காய்ப்பால் சேரும்.

அந்த மூன்று நான்கு மணிநேரம் எவருக்கு உரியது? இதுவே நம் வினாவின் மையம். விடியலிற் பெரட்டுக்குச் சென்று, கொழுந்து நிறுத்து, பொழுதுசாய லயத்துக்குத் திரும்பும் பெண்ணுக்கு வாரநாட்களில் அந்நேரம் இல்லை. அவளுடைய பகற்பொழுது முழுதும் தோட்டத்துக்கு விற்கப்பட்டுவிட்டது. துரையின் பங்களாக் குசினியிலோ நேரமும் விறகும் சமையற்காரனின் உழைப்பும் குறைவின்றிக் கிடைத்தன. இலங்கைப் பறங்கியர் சமையலில் ஸ்மோர் என வழங்கும் மாட்டிறைச்சிக்கறி, மூடிய கலத்திற் பையச் சமைத்தலைக் குறிக்கும் ஒல்லாந்துச் சொல்லினின்று பெயர் பெற்றது. கண்டிக் கடைகளில் மாட்டிரைப்பையைப் பாபத் என்பது மலாய்ச் சொல்வழி வந்தது. ஒரே விலங்கின் பாகங்களே எனினும், ஒன்று விருந்துமேசையின் பெருமையாயிற்று. மற்றது ஏழையின் கறியாயிற்று. லயத்தில் இறைச்சிச் சட்டி நெடுநேரம் கொதிப்பது பெரும்பாலும் சம்பள நாளை அடுத்தோ, ஞாயிற்றுக்கிழமையிலோதான். அந்த ஒரு நாளில்தான் தொழிலாளி தன் நேரத்துக்குத் தானே உரிமையாளனாகின்றான். அன்றும் அவ்வுரிமை ஆணுக்கு ஓய்வாகவும் பெண்ணுக்கு அடுப்படி உழைப்பாகவும் பிரிந்தே கிடைக்கின்றது. கொதிக்கும் சட்டி ஒன்றினுள் கூலியும் வர்க்கமும் பால்வேறுபாடும் சேர்ந்தே வேகின்றன எனலாம்.

இத்துணை வளமான கருப்பொருளை மலையக எழுத்து எவ்வாறு கையாண்டுள்ளது? புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய துன்பக்கேணி, திருநெல்வேலிச் சேரியினின்று இலங்கைத் தோட்டத்துக்கு வந்த மருதியைத் தமிழ்ப் புனைகதையுள் கொணர்ந்தது. கோகிலம் சுப்பையாவின் தூரத்துப் பச்சை (1964), தெளிவத்தை ஜோசப்பின் காலங்கள் சாவதில்லை (1974), என். எஸ். எம். இராமையாவின் ஒரு கூடைக் கொழுந்து (1980) ஆகிய படைப்புகளும், சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களும் (1983) இவ்விலக்கியத்தின் பெருஞ்சாதனைகள். பசியை இவ்வெழுத்து ஆழமாகப் பேசியுள்ளது. 1973–74 காலப்பகுதியில் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த நாட்டில் அவ்வாறு பேசியது கடமையுமாகும். எனினும் பொதுப்பட நோக்குமிடத்து, உண்ணாமை எழுதப்பட்ட அளவுக்கு உண்ணல் எழுதப்படவில்லை. மாட்டிறைச்சியோ காட்டுப்பன்றியோ தோன்றுமிடத்தும், அது வறுமையின் அடையாளமாகவோ குடியோடு சேர்ந்த ஒழுங்கீனமாகவோ நிற்கக் காண்பதே மிகுதி. சுவையாக, திறமையாக, அண்டை அயலாருடன் பகிரும் அன்பாக அது எழுதப்படுவது அரிது.

இதற்குக் காரணம் எழுத்தாளரின் திறனின்மையன்று. தோட்டத் தொழிலாளருட் பெரும்பகுதியினர் தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் மீது வீசப்பட்ட வசைச்சொற்களில் உணவைப் பற்றியவையும் அடங்கும். அம்மக்களுக்கு மதிப்புத் தேட முனைந்த எழுத்தாளன், பழிப்புக்கு இடமாகும் சட்டியை மூடிவைக்கவே விரும்பியிருப்பான். இது பரிவிலிருந்து பிறந்த மௌனம். எனினும் பழித்தவனின் அளவுகோலை ஒப்புக்கொண்ட மௌனமும் ஆகும். முற்போக்குத் திறனாய்வும் இதனைக் கலைக்கவில்லை. க. கைலாசபதி வீரயுகப் பாடல்களின் சமூக அடித்தளத்தை ஆராய்ந்தார். கா. சிவத்தம்பி 1974இல் திணைக்கோட்பாட்டைப் பொருளாதார அடிப்படையில் விளக்கினார். அவர்கள் வகுத்த வழியிற் சென்றோர், வர்க்கத்தைக் கூலியிற் கண்ட அளவுக்குச் சாதியைக் கலத்திற் காணவில்லை. பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் ஊடாகச் செல்லும் வீதியின் பெயரே கலஹா வீதி. அவ்வீதியின் ஒரு முனையில் ஆற்றுப்படைகளின் ஊன்சோறு பாடமாக ஓதப்பட, மறுமுனையில் வெந்துகொண்டிருந்த ஊன் ஆய்வுப்பொருளாகாமற் போயிற்று.

பிறவிடங்களில் இம்மௌனம் கலைந்து வருகின்றது. தீண்டாமைக்கும் மாட்டிறைச்சிக்குமுள்ள உறவை அம்பேத்கர் 1948இல் வெளியான நூலில் வரலாற்று வினாவாக்கினார். மராத்தியத் தலித் மக்களின் சமையலை நினைவும் செய்முறையும் கலந்து ஷாஹு பட்டோளே 2015இல் நூலாக்கினார். 2024இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. கொழும்பில் 1929இல் முதன்முதல் வெளிவந்த டெயிலி நியூஸ் சமையல் நூல் பலமுறை பதிக்கப்பட்டிருக்க, லயத்து அடுப்புக்கு அவ்வாறான ஏடில்லை.

இது வெறும் ஆவணப்படுத்தல் ஆசையன்று. 2020 செப்டெம்பரில் இலங்கை அமைச்சரவை மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு இணங்கியது. இறக்குமதி இறைச்சிக்கு இடமளிக்கவும் கருதியது. 1893இன் கசாப்புக்காரர் கட்டளைச் சட்டம் உள்ளிட்டவற்றைத் திருத்துதற்கு 2021இலும் இணக்கம் தெரிவிக்கப்பட்டது. இவ்யோசனை பற்றிய விவாதத்தில் முஸ்லிம் வணிகர் ஓரளவு பேசப்பட்டனர். பாலுக்காக மாடு வளர்த்து, பால் வற்றிய மாட்டை விற்றுக் கடன் தீர்க்கும் தோட்டக்குடும்பமும், மலிந்த புரதமாக அவ்விறைச்சியை வாங்கும் தோட்டக்குடும்பமும் பேசப்பட்டது மிகச் சிறிது. இலக்கியத்தில் இல்லாத சட்டி, சட்டத்தின் முன்னும் இல்லாததாகவே ஆயிற்று.

தொல்காப்பியப் பொருளியலில் இறைச்சி என்பது ஒரு கலைச்சொல். கருப்பொருளின் வழியே உரிப்பொருளின் புறத்துப் பிறக்கும் குறிப்புப்பொருளை அது சுட்டும். ஊனைக் குறிக்கும் சொல்லும் அதுவேயாதல் தற்செயலாயினும் நமக்குப் பயன்படுகிறது. மலையகக் கதையொன்றில் ஞாயிறன்று கொதிக்கும் சட்டியைக் காணும் திறனாய்வாளன், அதை வறுமையின் சித்திரமென்று கடந்து செல்லாமல், இறைச்சி யாரிடம் வாங்கப்பட்டது, விறகை யார் சுமந்தார், எத்தனை மணிநேரம் யார் அடுப்பருகே இருந்தார், அயல் காம்பராவினர் அதை உண்டனரா மறுத்தனரா என வினவுவானாயின், கதையின் உட்பொருள் தானே வெளிப்படும். அவ்வினாக்களைக் கேட்பதற்கு, கலஹாவிலும் தெல்தோட்டையிலும் ஹேவாஹெட்டையிலும் நினைவாற்றலுடன் வாழும் முதிய பெண்களிடமிருந்து சமையல்முறைகளையும் அவற்றோடு ஒட்டிய கதைகளையும் நம் மாணவர்கள் காலந்தாழ்த்தாது சேகரித்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க பணி இது.