டூன் ஷேடிங்: லைட்டை யார் தேர்ந்தெடுப்பது?

2014-ல் வெளிவந்த 'கில்டி கியர் இக்ஸர்ட்' என்ற ஜப்பானிய சண்டை கேமை முதல்முறை பார்ப்பவர்கள் அதைக் கையால் வரைந்த 2டி அனிமே என்றே நினைப்பார்கள். கேமரா திடீரென்று சுற்றும்போதுதான் எல்லாமே 3டி மாடல் என்று தெரியும். இதைப் பாராட்டி எழுதுபவர்கள் பெரும்பாலும் கறுப்பு அவுட்லைனையும் இரண்டே நிறத்தில் நிற்கும் ஷேடிங்கையும் சொல்வார்கள். இரண்டும் முக்கியம்தான். ஆனால் இரண்டையும் இன்று யார் வேண்டுமானாலும் ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம். செய்தபின் பார்த்தால் இக்ஸர்ட் மாதிரி இருக்காது. வித்தியாசம் லைட்டில் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் அடிப்படை. ஒரு மேற்பரப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது நார்மல். அதற்கும் லைட் வரும் திசைக்கும் நடுவே உள்ள கோணத்தின் கொசைன்தான் வெளிச்ச அளவு. சாதாரண ரெண்டரிங்கில் இந்த எண் 1-லிருந்து 0-க்கு மெதுவாக இறங்கும். டூன் ஷேடிங்கில் நடுவே ஒரு வெட்டு விழும். 0.5-க்கு மேல் என்றால் வெளிச்ச நிறம், கீழே என்றால் நிழல் நிறம். அவ்வளவுதான் விஷயம்.

இந்தச் சின்ன வெட்டுதான் லைட்டின் வேலையையே மாற்றிவிடுகிறது. சாதாரண ரெண்டரிங்கில் லைட்டை 5 டிகிரி நகர்த்தினால் யாருக்கும் தெரியாது. இங்கே நிழலின் எல்லைக்கோடே நகரும். உருண்டை என்றால் கோடு கொஞ்சம் தள்ளிப் போகும், பரவாயில்லை. கன்னம் மாதிரி கிட்டத்தட்டத் தட்டையான இடத்தில் எல்லா நார்மலும் ஏறக்குறைய ஒரே திசையைப் பார்ப்பதால், முழுக் கன்னமும் ஒரே நொடியில் கறுத்துவிடும். மூக்குக்குக் கீழே அர்த்தமில்லாத முக்கோணங்கள் முளைக்கும். ஆக, இங்கே லைட் என்பது விளக்கு இல்லை, பென்சில். முகத்தில் கோடு எங்கே விழ வேண்டும் என்று அது முடிவு செய்கிறது.

சரி, ஒரு லைட் போதவில்லை, இன்னொன்று சேர்க்கலாமே? வெட்டிய பிறகு சேர்த்தால் 2 லைட்டுக்கு 4 வகைப் பகுதிகள் வரலாம், 3 லைட்டுக்கு 8 வரை. முகம் மேப் மாதிரி ஆகிவிடும். சேர்த்த பிறகு வெட்டினால் எந்தக் கோடு எந்த லைட்டால் வந்தது என்றே தெரியாது. ப்ளெண்டரின் ஈவீயில் 'ஷேடர் டு ஆர்ஜிபி' நோடைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். அது எல்லா லைட்டையும் கூட்டித்தான் கையில் கொடுக்கும். அதனால்தான் முக்கிய லைட்டுக்குச் சுத்தமான சிவப்பு, துணை லைட்டுக்குச் சுத்தமான பச்சை கொடுத்து, பிறகு சேனல்களைப் பிரித்துக்கொள்ளும் தந்திரம் புழக்கத்தில் இருக்கிறது. லைட்டின் நிறத்தை நிறமாகப் பயன்படுத்தாமல் பெயர்ப்பலகையாகப் பயன்படுத்துகிறார்கள். டூலே தேர்வு செய்ய விடாதபோது மனுஷன் கண்டுபிடிக்கிற குறுக்கு வழி.

இக்ஸர்ட் குழு இந்தச் சிக்கலை வேரிலேயே வெட்டியது. அந்த கேமின் ஜுன்யா மோட்டோமுரா 2015 ஜிடிசி மாநாட்டில் விளக்கமாகவே சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு கேரக்டருக்கும் தனியாக ஒரு லைட் திசை. மேடையில் இருக்கும் விளக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அனிமேட்டர் போஸை மாற்றும்போது லைட்டையும் கையால் திருப்புகிறார். போதாததற்கு நார்மல்களையும் கையால் திருத்தியிருக்கிறார்கள். எந்த இடம் சீக்கிரம் நிழலுக்குப் போக வேண்டும் என்பதை வெர்டெக்ஸ் நிறத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, லைட்டும் அனிமேஷனும் கைகோக்கும் இடம். இக்ஸர்டில் போஸ்கள் வழுக்கிக்கொண்டு மாறுவதில்லை. ஒரு போஸ் சில ஃப்ரேம்கள் அப்படியே நிற்கும், பிறகு அடுத்ததற்குத் தாவும். லைட்டும் அதோடு தாவுவதால் நிழல் மாறுவது கண்ணுக்குப் பிழையாகத் தெரிவதில்லை, அடுத்த படத்தை வரைந்த மாதிரி தெரிகிறது. இதே லைட் வித்தையை வழுவழுவென்று நகரும் அனிமேஷனில் வைத்துப் பாருங்கள், நிழல் உடம்பின் மேல் எண்ணெய் மாதிரி வழியும்.

குறையே இல்லையா? இருக்கிறது. இந்த வழிக்கு ஒவ்வொரு போஸும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சண்டை கேமில் கேமரா பெரும்பாலும் பக்கவாட்டில் நிற்பதால் அது சாத்தியம். எந்தப் பக்கமிருந்தும் பார்க்கக்கூடிய கேமில் யார் உட்கார்ந்து லைட்டைத் திருப்புவது? கேமராவிலேயே லைட்டைக் கட்டிவிட்டால் முகம் எப்போதும் தெளிவாக இருக்கும், ஆனால் கேமரா சுற்றும்போதெல்லாம் நிழலும் கூடவே ஊரும். சூரியனோடு கட்டினால், முதுகில் வெயில் விழும்போது முகம் முழுக்க இருட்டு.

இங்கேதான் 2007-ல் வந்த 'டீம் ஃபோர்ட்ரஸ் 2' எதிர்த்திசையில் ஒரு நேர்மையான பதில் தருகிறது. வால்வ் குழு கடினமான வெட்டையே எடுத்துக்கொள்ளவில்லை. முதல் 'ஹாஃப்-லைஃப்' காலத்து ஹாஃப் லாம்பர்ட் முறையில், கொசைனைப் பாதியாக்கி 0.5 கூட்டினார்கள். இதனால் இருண்ட பக்கம் ஒரேயடியாகச் செத்துப் போகாது. அதை ஒரு ரேம்ப் டெக்ஸ்சர் வழியாக மென்மையாக வளைத்து, ஓரங்களில் ரிம் வெளிச்சம் கொடுத்தார்கள். தூரத்தில் வருபவன் எந்த வகை வீரன் என்று உருவத்தை வைத்தே தெரிய வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். லைட் எங்கிருந்து வந்தாலும் தாங்கும்.

என் முடிவு இதுதான். லைட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்கள் கையில் இருந்தால், துணிந்து கோட்டை வெட்டுங்கள். உரிமை சூரியனிடமோ பிளேயரின் கேமராவிடமோ இருந்தால், கோட்டை மென்மையாக்குங்கள். பல கேம்கள் நடுவில் நின்று, கடினமான கோட்டையும் வைத்துக்கொண்டு லைட்டை என்ஜினிடம் விட்டுவிடுகின்றன. அப்போது கேரக்டரின் முகத்தை வரைவது ஓவியர் இல்லை, பிற்பகல் மூன்று மணி வெயில். அதற்கு முகம் எது, முழங்கை எது என்று தெரியாது.