காசும் பிசகும்

“இவ்வளவு காசு வாங்குறான், ரெண்டு பாட்டை ஒழுங்கா ஒட்டத் தெரிய வேண்டாமா?” கிளப்புகளில் இசைத்தட்டுகளைக் கோத்து ஆட்டத்தை நடத்தும் டி.ஜே.க்களைப் பற்றிய விவாதங்களில் தவறாமல் எழும் கேள்வி இது. காசு கொடுத்து உள்ளே போனவரின் கேள்வி என்பதால் அதில் ஒரு நியாயம் இருக்கவே செய்கிறது. ஆனால் கேள்வி இரண்டு விஷயங்களை முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறது. ஒன்று, அந்தக் காசு மிக்ஸ் செய்யும் திறனுக்காகத் தரப்படுகிறது என்பது. மற்றது, பிசகின்மைதான் அத்திறனின் உச்சம் என்பது. இரண்டையும் உரசிப் பார்த்துவிட்டுத்தான் மேலே பேச முடியும்.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். ஒரு தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த தட்டை ஹெட்போனில் தனியாகக் கேட்டு, அதன் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ, ஓடும் தட்டின் தாளத்தோடு பொருத்தி, ஆடுபவருக்கு ஒட்டுத் தெரியாமல் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கடப்பது. நிமிடத்துக்கு 120 அடி விழும் பாட்டோடு 121 அடி விழும் பாட்டை அப்படியே ஓட விட்டால், பத்தே விநாடியில் இரண்டும் ஆறில் ஒரு பங்கு அடி விலகிவிடும். அரை நிமிடத்தில் ஒன்றின் அடி மற்றதன் இடைவெளியில் விழும். கால் தடுமாறும். 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 ரெக்கார்டு பிளேயரில் வேகத்தை 8 சதவீதம் வரை ஏற்றவும் இறக்கவும் ஒரு கட்டை உண்டு. அதைத் தள்ளிக்கொண்டு, விரல் நுனியால் தட்டை லேசாக நெருடி, காதால் மட்டுமே அளந்து செய்த வேலை இது. வருஷக் கணக்கில் பழகினால்தான் கைவரும்.

இதைச் சும்மா வித்தை காட்டுதல் என்று தள்ளிவிட முடியாது. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கில், பழைய தேவாலயக் கட்டிடம் ஒன்றில் நடந்த சாங்சுவரி என்ற கிளப்பில் ஃபிரான்சிஸ் கிராஸோ இப்படித் தட்டுகளை இணைத்து வாசித்தபோது, முன்னால் ஆடியவர்களில் பெரும் பகுதியினர் தன்பால் விழைவு கொண்ட ஆண்கள். ஆணும் ஆணும் சேர்ந்து ஆடுவதே போலீஸ் தொல்லைக்குப் போதுமான காரணமாக இருந்த நகரம் அது. ஸ்டோன்வால் எழுச்சி நடந்தது 1969 ஜூனில்தான். பாட்டு நின்றால் ஆட்டம் கலையும். ஆட்டம் கலைந்தால் கூட்டம் மறுபடியும் தனித்தனி ஆட்களாகிவிடும். தாளம் அறுபடாமல் இருப்பது அங்கே ஒரு கூட்டுடலைக் காப்பாற்றி வைக்கும் காரியமாக இருந்தது என்றே நான் வாசிக்கிறேன். பிசகில்லாத மிக்ஸுக்கு இப்படியொரு கௌரவமான பூர்வீகம் உண்டு. இதை நாம் மறந்துவிடலாகாது.

ஆனால் அதே மரபு தன் ஆசான்களாகக் கொண்டாடுபவர்களைப் பாருங்கள். 1970 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் தன் வீட்டிலேயே, பிற்பாடு ‘லாஃப்ட்’ என்று பெயர்பெற்ற நடன இரவுகளைத் தொடங்கிய டேவிட் மன்குஸோ, ஒரு கட்டத்தில் மிக்ஸ் செய்வதையே நிறுத்திவிட்டார். ஒரு பாட்டை அதன் முதல் ஒலியிலிருந்து கடைசி ஒலி வரை ஓடவிடுவார். நடுவே மௌனம். ஆடியவர்கள் கைதட்டுவார்கள். அடுத்தது. லாரி லெவன் 1987இல் மூடப்படும் வரை பாரடைஸ் கராஜ் கிளப்பை ஆண்டவர். அங்கே மது விற்கப்படவில்லை. கறுப்பின, லத்தீன் தன்பாலின ஆண்கள் நிறைந்து ஆடிய இடம் அது. லெவனின் மிக்ஸ் சில இரவுகளில் பிசகும். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவார். நடு ஆட்டத்தில் இசையை விட்டுவிட்டு ஏணி போட்டு ஏறிக் கண்ணாடிப் பந்தைத் துடைத்தார் என்றொரு கதையும் உண்டு. ஆடியவர்கள் அவரை விட்டுப் போய்விடவில்லை. தங்களை அவர் கவனிக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பந்து துடைப்பதும் அந்தக் கவனிப்பில் சேர்த்திதான்.

இனி காசுக்கு வருவோம். 2014இல் ‘ஃபோர்ப்ஸ்’ வெளியிட்ட டி.ஜே.க்களின் வருமானப் பட்டியலில் முதலிடம் பெற்ற கால்வின் ஹாரிஸின் ஓராண்டு வருமானம் 6.6 கோடி டாலர். பாட்டு விற்பனையும் மேடையும் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. அக்காலத்தில் லாஸ் வேகாஸ் கிளப்புகள் நட்சத்திர டி.ஜே.க்களுக்குப் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்த தொகைக்கு ஆதாரம் எது? வாசல் டிக்கெட் கொஞ்சம். மிச்சமெல்லாம் மேசையை வாடகைக்குப் பிடித்து, கடை விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து மதுப் புட்டி வாங்கும் வாடிக்கையாளர்கள்தான். டி.ஜே.யின் பெயர் அந்த மேசையை விற்றுத்தரும் விளம்பரப் பலகை. இது மிகைக் கூற்றில்லை. 2012இல் லாஸ் வேகாஸில் மார்க் ஃபரீனா பாதியிலேயே நிறுத்தச் சொல்லப்பட்டார். மேசைக்காரர்களுக்கு அவர் வாசித்த ஹவுஸ் இசை பிடிக்கவில்லையாம். அதே ஆண்டு டிசம்பரில் மியாமியில் டி.ஜே. ஷேடோவுக்கும் அதே கதி. ஏறத்தாழ முழுக்கவும் பழைய தட்டுகளின் துணுக்குகளாலேயே ஒரு தொகுப்பைக் கட்டி 1996இல் வெளியிட்டவர் அவர். தட்டைக் கையாளத் தெரியாதவர் என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள். இருவரையும் இறக்கியது பிசகு இல்லை, ரசனை. ஆக, காசு கொடுப்பவன் மிக்ஸைக் கேட்கவேயில்லை.

இரண்டாவது அனுமானம் இன்னும் பலவீனமானது. 2012இல் பயனியர் நிறுவனத்தின் சிடிஜே-2000 நெக்ஸஸ் கருவி ‘சிங்க்’ பொத்தானோடு வந்தது. கணினி மென்பொருள்களில் அதற்கு முன்பே இருந்த வசதிதான் அது. அழுத்தினால் தாளம் தாளத்தோடு தானே ஒட்டிக்கொள்ளும். ஒரு தலைமுறை கைநோகப் பழகியதை இன்று பதினைந்து வயதுப் பையன் அரை மணி நேரத்தில் செய்துகாட்டலாம். பெரிய மேடைகளில் நடப்பது பெரும்பாலும் முன்பே தயாரித்ததை ஓடவிடும் வேலைதான் என்று டெட்மவ்ஸ் அதே ஆண்டில் வெளிப்படையாக எழுதினார். பிசகின்மை இன்று சந்தையிலேயே மலிவான சரக்கு. அதைப் போய் மிக உயர்ந்த கூலிக்கு ஈடாகக் கேட்பது வேடிக்கையாக இல்லையா?

பண்டத்தில் உழைப்பு மறைந்துபோகிறது என்பது மார்க்ஸிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட அரிச்சுவடி. வழவழப்பான மிக்ஸிலும் அதுவே நடக்கிறது. தடுமாற்றம் ஒன்று நேரும்போதுதான் அங்கே ஒரு கை இருந்தது என்பது தெரியவருகிறது. ஆனால் இதைச் சொன்ன கையோடு “பிசகே கலை, பிசகே மனிதம்” என்று கொடிபிடிக்கக் கிளம்பிவிடக் கூடாது. அதுவும் விற்பனைக்கு வந்து வெகுநாளாயிற்று. சோம்பேறித்தனத்துக்குப் பூசிய தத்துவச் சாயம் அது.

பிசகில் இரண்டு வகை உண்டு. கூட்டத்தின் மூச்சைக் கேட்டு, யோசித்து வைத்திருந்ததைக் கைவிட்டு, இதுவரை சேர்ந்திராத இரண்டு பாட்டுகளைச் சேர்க்கத் துணிந்து சறுக்குவது ஒரு வகை. அந்த இடத்தில் இல்லாமலே இருந்ததால் நேர்வது இன்னொரு வகை. 2024 ஏப்ரலில் கோச்செல்லா விழாவில் கிரைம்ஸின் நிகழ்ச்சி குலைந்தது இந்த இரண்டாவது வகைக்கு உதாரணம். பாட்டுகளின் வேக அளவு கருவியில் இரட்டிப்பாகப் பதிவாகியிருந்தது, தயாரிப்பு வேலையை நேரமின்மையால் பிறரிடம் விட்டிருந்தேன் என்று அவரே சொல்லி மன்னிப்பும் கேட்டார். ஒரு வாரம் கழித்து மறுபடி மேடையேறினார். அவரை இழிவுபடுத்த இதைச் சொல்லவில்லை. பெண் டி.ஜே. ஒருவர் மேடையேறினால் அவர் கைகளையே வேவு பார்க்கும் கண்கள் எத்தனை என்பதும் நாம் அறிந்ததுதான். நான் சுட்டுவது பிசகின் இடத்தை. அது கை தவறிய பிசகு இல்லை. வேலையிலிருந்து ஆள் விலகிப்போனதன் தடயம்.

கடைசியாக, யாரும் கேட்காத ஒரு கேள்வி. பிசகக் கூடாது என்ற சட்டம் உண்மையில் யார் தலையில் விடிகிறது? நட்சத்திரம் வருவதற்கு முன் காலி அரங்கில் இரண்டு மணி நேரம் வாசித்துக் கூட்டத்தைச் சூடேற்றும் உள்ளூர் டி.ஜே. தலையில்தான். அவருக்குக் கிடைப்பது சொற்பம். சில இடங்களில் ‘வாய்ப்புக் கொடுத்ததே பெருசு’ என்ற வார்த்தை மட்டும். அவர் ஒரு தடவை சறுக்கினால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள். நட்சத்திரம் சறுக்கினாலோ அது சுவையான கதையாகிவிடும். ‘அதிகக் காசு வாங்குபவர் பிசகலாமா?’ என்று மேலே பார்த்துக் கேட்கிற கேள்வி, கீழே இருப்பவனின் முதுகில் சாட்டையாக விழுகிறது. துணிந்து பிசகும் உரிமையும் காசைப் போலவே மேலே குவிந்துகிடக்கிறது. மேலே உள்ளவர்களோ அந்த உரிமையைக்கூடப் பயன்படுத்தாமல் முன்தயாரிப்பை ஓடவிட்டுக் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆக, அதிகக் காசு வாங்குபவரிடம் அதிகம் எதிர்பார்க்கத்தான் வேண்டும். எதை என்பதுதான் பிரச்சினை. தாளம் ஒட்டுவதை எந்திரம் பார்த்துக்கொள்ளும். எந்திரத்தால் முடியாதது முன்னால் நிற்கும் உடல்களைக் கேட்பது. அந்த இரவுக்கு மட்டுமே உரிய ஒன்றை அவர்களோடு சேர்ந்து செய்வது, அதற்காகத் தன் பெயரைப் பணயம் வைப்பது. இதைச் செய்து பிசகியவரை மன்னிக்கக்கூட வேண்டியதில்லை, அவர் தன் வேலையைத்தான் செய்திருக்கிறார். இதைச் செய்யாமல் பிசகில்லாமல் முடித்தவரிடம்தான் ‘வாங்கிய காசுக்கு என்ன செய்தாய்?’ என்று கேட்க வேண்டும். முன்னால் வாசித்துவிட்டுப் போன அந்த உள்ளூர்க்காரனுக்கு என்ன கொடுத்தீர்கள் என்பதைக் கிளப் முதலாளியிடமும் சேர்த்துக் கேட்டுவிடலாம்.