நாளைக்கு ஒரு பக்கம்

கடையில் எந்த டைரியைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் புரட்டுவது ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். பல டைரிகள் சனியையும் ஞாயிறையும் ஒரே பக்கத்தில் அடைத்துவிடுகின்றன. அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு அது போதும். பாட்டு வாத்தியாருக்கும் சமையல் கான்ட்ராக்டருக்கும் கல்யாண போட்டோகிராபருக்கும் வாரத்திலேயே கனமான நாள் ஞாயிறு. அந்த அரைப் பக்கத்தில் அவர்கள் என்னத்தை எழுதுவார்கள்? யாருடைய வாரத்தை மனதில் வைத்துப் பக்கம் பிரித்திருக்கிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். ரெக்ஸின் அட்டை, தங்க எழுத்து, பட்டு ரிப்பன் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்தக் கண்ணோடு பார்த்தால், நம்மிடம் புழங்குவதிலேயே நன்றாக யோசித்துக் கோடு போட்டது வக்கீல் டைரி என்பேன். சென்னை பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகளும் கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. உயர் நீதிமன்றம் அங்கிருந்து கூப்பிடு தூரம். வருஷக் கடைசியில் அந்தப் பக்கம் போனால் ஒரு வக்கீல் டைரியைப் பிரித்துப் பாருங்கள். மேலே தேதி. கீழே, இடது ஓரத்தில் முந்தைய வாய்தா, பிறகு நீதிமன்றம், வழக்கு எண், கட்சிக்காரர்களின் பெயர், எதற்காகப் போட்டிருக்கிறது என்ற விவரம். வலது ஓரத்தில் அடுத்த வாய்தா. அச்சகத்துக்கு அச்சகம் வரிசை கொஞ்சம் மாறும், அடிப்படை இதுதான்.

காலையில் கோர்ட்டுக்குக் கிளம்பும்போது வலது ஓரம் காலியாக இருக்கும். மாலையில் அதை நிரப்புவார்கள். நிரப்பிய கையோடு குமாஸ்தா அந்தப் புதிய தேதியின் பக்கத்துக்குப் போய் அதே வழக்கை எழுதி, இடது ஓரத்தில் இன்றைய தேதியைப் போட்டுவைப்பார். இப்படி ஒவ்வொரு வழக்கும் தனக்கு முன்னும் பின்னும் கண்ணி கோத்துக்கொண்டே வருஷம் முழுக்க நடக்கும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இந்த வழக்கு எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று சொல்லிவிடலாம். ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால் ஒரு வழக்கு கைநழுவுகிறது என்று பொருள். அதைத் தேடவே வேண்டாம், கண் தானாகப் போய் அங்கே நிற்கும்.

செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி, முடிந்ததை டிக் அடிப்பதுதான் திட்டமிடல் என்று பலரும் நினைக்கிறார்கள். முடியாதது என்ன ஆகும்? பழைய பக்கத்திலேயே கிடந்து மறந்துபோகும். வக்கீல் டைரியில் அதற்கு இடமே கிடையாது. இன்று முடிய வேண்டும், இல்லையென்றால் இன்ன தேதிக்கு நகர வேண்டும். வழக்கு வியாஜ்ஜியம் இல்லாத நாமும் சாதாரண டைரியில் வலது ஓரமாக ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டுக்கொண்டால் இந்த வசதி வந்துவிடுகிறது. பல் டாக்டர், சொத்து வரி, தையல்காரர் தரவேண்டிய சட்டை, எல்லாவற்றுக்கும் ஒரு வாய்தா. என் டைரியில் அந்தக் கோடு பல வருஷமாக இருக்கிறது.

இனி காகிதம். கடைக்காரர்கள் முதலில் சொல்வது ஜிஎஸ்எம் கணக்கு. 60-ஐவிட 70 உசத்தி, 70-ஐவிட 80 உசத்தி என்பார்கள். அது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில். மை ஊறுமா ஊறாதா என்பதை எடை மட்டும் சொல்லிவிடாது. ஜப்பானில் ஷிகெசாத்தோ இதோயி 2001-இல் தொடங்கிய ஹோபோனிச்சி டெச்சோ என்ற நாட்குறிப்பு இதற்கு நல்ல சாட்சி. அதன் தொமோயே ரிவர் காகிதம் வெறும் 52 ஜிஎஸ்எம். அதில் ஊற்றுப் பேனாவால் எழுதினால் பின்பக்கம் எழுத்தின் நிழல் தெரியும், ஆனால் மை ஊடுருவாது. அதனால்தான் நாளுக்கு ஒரு பக்கம் கொடுத்தும் புத்தகம் பையில் அடங்குகிறது. மை காய மட்டும் நேரமெடுக்கும். அவசரக்காரர்களுக்கு அது ஒத்துவராது.

நம் பக்கத்துக் காகிதத்துக்கும் தனிக் குணம் உண்டு. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழக அரசின் ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. சக்கையின் இழை பைன் மர இழையைவிடக் குட்டை. குட்டை இழை நெருங்கிப் படிவதால் மேற்பரப்பு வழவழப்பாக வரும், பால்பாயின்ட் வழுக்கிக்கொண்டு ஓடும். ஊற்றுப் பேனாவுக்கு மட்டும் ஒரு சோதனை செய்துவிட்டு வாங்குங்கள். கடைசிப் பக்கத்தில் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு ‘ண’ எழுதிப் பார்க்க வேண்டும். அதன் சுழிகளுக்குள் வெள்ளை தெளிவாக நின்றால் காகிதத்தில் பசை சரியாக ஏறியிருக்கிறது. கோட்டின் விளிம்பில் வேர் விட்டதுபோல மை பரவினால் வைத்துவிடலாம்.

கோட்டின் இடைவெளியைத் தமிழில் எழுதுகிறவர்கள் யாரும் போதுமான அளவு கவனிப்பதில்லை என்பது என் ஆதங்கம். அந்த ஜப்பானிய நாட்குறிப்பில் 3.7 மில்லிமீட்டர் கட்டங்கள். அவர்கள் எழுத்து கட்டத்துக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். நம் ‘தீ’யின் சுழி மேலே ஏறுகிறது, ‘ழ’வின் கால் கீழே இறங்குகிறது. கோடு நெருக்கமாக இருந்தால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும். ஒரு வாரம் கழித்துப் படித்தால் நம் எழுத்தே நமக்குப் புரியாது. 8 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் கை தாராளமாக ஓடும். அகலமும் முக்கியம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 105 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ6 பாக்கெட் டைரியில் ஓரம் போக மூன்று சொல், மிஞ்சினால் நான்கு. ஏ5-இன் அகலம் 148. தமிழில் எழுத அதுவே குறைந்தபட்சம் என்று நினைக்கிறேன்.

பைண்டிங்கைப் பார்க்க நடுப்பக்கம் ஒன்றை விரித்தால் போதும். நூல் தெரிகிறதா? தெரிந்தால் பாரம் பாரமாக மடித்துத் தைத்திருக்கிறார்கள், வருஷம் முழுக்கத் தாங்கும். வெறும் பசையால் ஒட்டியது நடுவில் விட்டுக்கொடுக்கும். பிறகு டைரியை மேஜையில் விரித்துவைத்துக் கையை எடுங்கள். தானாகத் திறந்து கிடக்க வேண்டும். தைத்திருந்தும் தாள்கள் விறைத்துக்கொண்டு எழும்பினால், காகிதத்தின் இழை முதுகுக்குக் குறுக்கே ஓடுகிறது. இழை முதுகோடு இணையாக ஓடும்படி வெட்டிய தாள் சாதுவாகப் படியும். ஸ்பைரலில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் இடது பக்கத்தில் எழுதும்போது கை வளையத்தில் இடித்துக்கொண்டே இருக்கும்.

நோட்பேட் விஷயத்தில் என் கணக்கு தலைகீழ். அதற்கு மலிவான காகிதமே சிறந்தது. நல்ல தாளில் கிறுக்கக் கை தயங்கும், தயங்கும் நேரத்தில் நினைத்தது போய்விடும். மேல் விளிம்பில் பசை வைத்து, அடியில் கெட்டி அட்டை கொடுத்த பேட் போதும். அட்டை வளையக் கூடாது, நின்றுகொண்டும் எழுத வேண்டியிருக்கும். தாள் கிழியாமல் சுத்தமாகப் பிரிய வேண்டும். போனில் வந்த தகவல், மளிகைக் கடையில் நினைவுக்கு வந்த பெயர், எல்லாம் அதில் விழட்டும். ராத்திரி டைரிக்கு ஏற்றிய பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம்.