துரதிர்ஷ்டம், சுபாவம், ஸமீர் கஸீர்

ஒரு நூலின் தலைப்பை மொழிபெயர்ப்பு எவ்வளவு தூரம் கவிழ்த்துவிட முடியும் என்பதற்கு ஸமீர் கஸீரின் சிறு நூல் ஒன்று உதாரணம். 2004இல் பிரெஞ்சில் வெளிவந்தபோது அதன் பெயர் ‘அரபு துரதிர்ஷ்டம் பற்றிய சிந்தனைகள்’. அரபிப் பதிப்பின் தலைப்பிலும் துயரம் என்ற சொல் இருக்கிறது. 2006இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘அரபியனாக இருத்தல்’ என்று ஆகிவிட்டது. துரதிர்ஷ்டம் ஒருவனுக்கு நேர்வது; ஒரு காலத்தில் வந்தது, இன்னொரு காலத்தில் போகக்கூடும். இருத்தல் அவன் சுபாவம். விற்கக்கூடிய தலைப்பு பதிப்பாளருக்குத் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் கஸீர் பக்கத்துக்குப் பக்கம் எதை மறுக்கிறாரோ அதை அட்டை உரக்கச் சொல்லிவிடுகிறது. அரபு மக்களின் இயலாமை அவர்களுடைய மதத்திலோ ரத்தத்திலோ ஊறிக் கிடப்பதல்ல, வரலாற்றில் நேர்ந்தது, அதுவும் மிகச் சமீபத்தில் நேர்ந்தது என்பதுதான் அவர் வாதம்.

கஸீர் 1960இல் பெய்ரூட்டில் பிறந்தார். தந்தை பாலஸ்தீனர், தாய் ஸிரியாவைச் சேர்ந்தவர். லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டபோது அவருக்குப் பதினைந்து வயது நிறைந்திருக்கவில்லை. பாரிஸில் தத்துவமும் வரலாறும் படித்து 1990இல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தப் போரின் முதல் ஏழாண்டுகளைப் பற்றிய அவரது ஆய்வு 1994இல் நூலாயிற்று. பெய்ரூட்டுக்குத் திரும்பி ஸெயின்ட் ஜோஸஃப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் போதித்தார். 1995இல் ‘லோரியான் எக்ஸ்பிரஸ்’ என்ற பிரெஞ்சு மாத இதழுக்கு ஆசிரியரானார். 1998இல் அது நின்றுபோயிற்று. (இத்தகைய இதழ்களின் ஆயுளைப் பற்றி இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.) பரவலாக அவரை அறியவைத்தது ‘அந்-நஹார்’ தினசரியில் வெள்ளிக்கிழமைதோறும் அவர் எழுதிய பத்தி.

பொற்காலம், பிறகு நீண்ட வீழ்ச்சி. அரபு வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் சொல்லப்பட்டு வருகிறது. வெளியார் இதை ஏளனத்தோடு சொல்கிறார்கள், உள்ளூர்க்காரர்கள் பெருமூச்சோடு. மதவாதி தன் பொற்காலத்தை நபியின் மதீனாவில் வைக்கிறான், தேசியவாதி அப்பாஸியரின் பாக்தாதில். இருவருக்குமே இடைப்பட்ட நூற்றாண்டுகள் வெறும் இருட்டு. பொற்காலப் பேச்சு எப்படிப்பட்ட போதை என்பது நமக்கும் தெரியாததல்ல. கஸீர் கைவைக்கும் இடம் இதுதான். வீழ்ச்சிக் கதையை ஒப்புக்கொண்ட மாத்திரத்தில் ஒருவன் இழப்பது தன் தாத்தா காலத்து அனுபவத்தை என்கிறார். 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டுக்குள்ளும் வெகுதூரம் ஓடிய ‘நஹ்தா’ என்ற மறுமலர்ச்சி கண்ணில் படாமலே போய்விடுகிறது.

அந்த மறுமலர்ச்சி எதனால் ஆனது என்று நினைத்துப் பார்க்கலாம். 1860இல் லெபனான் மலையிலும் டமாஸ்கஸிலும் மதக் கலவரம் நடந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, பெய்ரூட்டில் புத்ருஸ் அல்-புஸ்தானி பதினோரு துண்டுப் பிரசுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டார். தன் பெயரைப் போடவில்லை. தேசத்தை நேசிப்பவன் என்று மட்டும் கையெழுத்து. 1861இல் டூனிஸில் ஓர் அரசியல் சட்டம் பிறந்தது. 1923இல் ஹுதா ஷஅராவி கெய்ரோ ரயில் நிலையத்தில் முகத்திரையை விலக்கிக்கொண்டு இறங்கினார். 1926இல் தாஹா ஹுஸைன், சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர், இஸ்லாத்துக்கு முந்தியவை என்று போற்றப்பட்ட கவிதைகளில் பெரும்பகுதி பின்னால் புனையப்பட்டது என்று எழுதி விசாரணைக்கு ஆளானார். 1957இல் யூஸுஃப் அல்-கால் பெய்ரூட்டில் கவிதை என்றே பொருள்படும் ‘ஷிஅர்’ இதழைத் தொடங்கினார். அதோனிஸும் அதில் இருந்தார். யாப்பை உதறிய வசன கவிதை அரபியில் அங்கே வேரூன்றியது. இவற்றையெல்லாம் மேற்கின் நகல் என்று ஒதுக்குவது மதவாதிக்கும் சௌகரியம், மேற்கத்திய நிபுணனுக்கும் சௌகரியம். நவீனம் அரபு மக்கள் ஏற்கனவே வாழ்ந்து பார்த்த ஒன்று என்று கஸீர் பிடிவாதமாகச் சொல்வது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கையில் இருந்து பறிபோனதற்கும் கைக்கு எட்டவே எட்டாததற்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமானதல்ல.

ஆனால் இங்கே அவரோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. மறுமலர்ச்சியைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நகரவாசியின் வாஞ்சை ஏறிவிடுகிறது. எகிப்தின் முகம்மது அலி 1826இல் பாரிஸுக்கு மாணவர்களை அனுப்பினார். அந்தக் குழுவுக்கு இமாமாகப் போன தஹ்தாவி திரும்பிவந்து எழுதிய பயண நூல் நஹ்தாவின் ஆரம்ப நூல்களில் ஒன்று. அதே முகம்மது அலிதான் சில ஆண்டுகளுக்கு முன் மஹ்மூதிய்யா கால்வாயைக் கட்டாய உழைப்பில் வெட்டுவித்தார். விவசாயிகள் ஆயிரக்கணக்கில் அங்கே செத்தார்கள். மாணவனைக் கப்பலேற்றிய அரசும் மண்வெட்டியைக் கையில் திணித்த அரசும் ஒன்றே. பிற்காலத்தில் ராணுவ அதிகாரிகள் கைக்குப் போனதும் இப்படி ஆள்கணக்கும் கோப்பும் வைத்துக்கொள்ளக் கற்ற அரசுதான். நவீனத்தைக் கழுத்தை நெரித்தவர்கள் எல்லோரும் வெளியிலிருந்து வந்தவர்கள் இல்லை. நூல் இந்த இடத்தைப் போதிய அளவு நின்று பார்க்கவில்லை.

பத்திகள் பார்த்தன. ஆங்கிலத்தில் எனக்குக் கிடைத்த சிலவற்றை வைத்துத்தான் சொல்கிறேன். நூலில் நாகரிகம், வரலாறு என்று அகலமாகப் பேசுகிறவர் பத்தியில் ஆளைச் சுட்டிப் பேசுகிறார். லெபனானில் அப்போது ஸிரிய ராணுவம் இருந்தது. அதன் நிழலில் உள்ளூர் பாதுகாப்புத் துறைகள் கொழுத்தன. படைகள் யாருக்கு எதிராக என்று 2001இல் அவர் கேட்டார். ஆட்கள் பின்தொடர்ந்தார்கள். பெய்ரூட் விமான நிலையத்தில் அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்துக்கொண்டார்கள். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. அந்தக் கேள்வியையே தலைப்பாக்கி 2004இல் பத்திகளைத் தொகுத்தார். தொகுப்பின் உபதலைப்பில் லெபனான் காணாமற்போன குடியரசு. அதே ஆண்டில் இன்னொரு தொகுப்பு, ஸிரியாவின் ஜனநாயகமும் லெபனானின் சுதந்திரமும் பிரிக்க முடியாதவை என்று சொல்வது. ஸிரிய ஆதிக்கத்தை எதிர்த்தவர்களில் பலர் ஸிரியர்களையே வெறுக்கத் தயாராக இருந்த காலம் அது. பாதிப் பாலஸ்தீனரும் பாதி ஸிரியருமான இந்த லெபனான்காரருக்கு அந்த வசதி கிடையாது. அவர் பார்வையில் பெய்ரூட்டின் விடுதலை டமாஸ்கஸின் விடுதலை இல்லாமல் முழுமை பெறாது. அந்த ஆண்டில்தான் ஜனநாயக இடதுசாரி இயக்கத்தைத் தொடங்கியவர்களிலும் ஒருவரானார்.

2005 பிப்ரவரி 14 அன்று ரஃபீக் ஹரீரி கொல்லப்பட்டார். மார்ச் 14 அன்று பெய்ரூட் தெருக்கள் நிரம்பி வழிந்தன. ஏப்ரல் 26 அன்று ஸிரிய ராணுவம் வெளியேறியது. ஜூன் 2 அன்று அஷ்ரஃபிய்யாவில் வீட்டருகே காரில் வைத்த குண்டில் கஸீர் இறந்தார். நாற்பத்தைந்து வயது. அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று ‘அந்-நஹார்’ வெளியீட்டாளர் ஜிப்ரான் துவைனியும் குண்டுக்குப் பலியானார்.

அன்று முதல் கஸீர் பெயருக்கு முன்னால் தியாகி என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. இது எனக்கு உறுத்துகிறது. தன்னைப் பலியாகவே கண்டு அதில் சுகம் காணும் மனோபாவத்தையும், சாவை மகிமைப்படுத்தும் அரசியலையும் அரபு துரதிர்ஷ்டத்தின் பகுதி என்று எழுதியவர் அவர். ‘அந்-நஹார்’ கட்டடத்தை ஒட்டி அவர் பெயரில் ஒரு சிறு சதுக்கம் இருக்கிறது. இரண்டு முதிய மரங்கள், ஒரு சிலை. அந்தச் சதுக்கத்தின் வடிவமைப்புக்கு 2007இல் ஆகா கான் கட்டடக்கலைப் பரிசுகூடக் கிடைத்தது. சிலைக்கு முன் நிற்கிறவர்களுக்குப் பத்திகளோடு சண்டை போட வேண்டிய அவசியமில்லை. தியாகியோடு யார் சண்டை போடுவார்கள்? அவரோ சண்டைக்காகவே எழுதினவர்.

இப்போது இன்னொரு பட்டமும் தயார். 2024 டிசம்பர் 8 அன்று டமாஸ்கஸில் அஸாத் குடும்பத்தின் ஆட்சி சரிந்ததும், கஸீரைத் தீர்க்கதரிசி என்று சொல்லத் தோன்றும். நடுவில் பதின்மூன்று ஆண்டுப் போர், லட்சக்கணக்கில் சாவு. அவர் பத்திகளில் இருந்ததை ஆரூடம் என்று வாசித்தால் இந்தச் சாவுகளும் அதில் அடக்கம் என்று ஆகிவிடும். எனக்கு அது ஒரு நிபந்தனையாகத்தான் கேட்கிறது: எழுதுகிறவன் பயமில்லாமல் தன் காரில் ஏறும் நகரமாக டமாஸ்கஸும் பெய்ரூட்டும் சேர்ந்தே ஆகவேண்டும். 2021 பிப்ரவரியில் லெபனானின் தெற்கே லுக்மான் ஸ்லீம் என்ற பதிப்பாளரும் எழுத்தாளருமானவர் தன் காரில் சுடப்பட்டுக் கிடந்தார். கஸீரைக் கொன்றவர்கள் என்று எந்த நீதிமன்றமும் இதுவரை எவரையும் தண்டிக்கவில்லை.