இடம் நிரப்ப வந்த பாட்டு

சில வருஷங்களுக்கு முன்னால் என் மைத்துனர் மகன் தன் கைப்பேசியில் ஒரு பாட்டை வைத்துக் காட்டினான். அமெரிக்கப் பாடகர் கான்யே வெஸ்ட் 2016ல் வெளியிட்ட 'ஃபேமஸ்' என்ற பாட்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பாதிக்கு மேல் எங்கிருந்தோ ஒரு பெண்குரல் வந்து புகுந்துகொண்டது. அதுவரை இருந்த இரைச்சலெல்லாம் அந்தக் குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றதுபோல் இருந்தது.

"இது யாருடா?" என்று கேட்டேன்.

"தெரியாது மாமா. ஏதோ பழைய ரெக்கார்டிலிருந்து எடுத்துப் போட்டதாம்" என்றான்.

அந்தப் பழைய ரெக்கார்டைத் தேடிப் பிடித்து, ஆரம்பம் முதல் கடைசி வரை பல தடவை கேட்ட பிறகே இதை எழுதுகிறேன். அதன் பெயர் 'ஒன், டூ'. ஜமைக்காவில் 1982ல் வெளிவந்தது. பாடியவர் ஸிஸ்டர் நான்ஸி. வீட்டில் வைத்த பெயர் ஓப்லின் ரஸ்ஸல். 1962ல் பிறந்தவர், ஆகவே இந்த முதல் ஆல்பம் வந்தபோது அவருக்கு இருபது வயதுதான் இருக்கும். தயாரித்தவர் வின்ஸ்டன் ரைலி. டெக்னிக்ஸ் என்பது அவருடைய கம்பெனியின் பெயர்.

டான்ஸ்ஹால் என்ற சங்கீதத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. கிங்ஸ்டன் நகரத்தின் ஏழை ஜனங்கள் திறந்த வெளிகளிலும் முற்றங்களிலும் ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கிகளை அடுக்கிவைத்து, இரவு முழுவதும் இசைத்தட்டுப் போட்டு ஆடுவார்கள். அந்த ஒலிபெருக்கிக் கூட்டத்துக்கு ஸவுண்ட் ஸிஸ்டம் என்று பெயர். தட்டின் ஒரு பக்கத்தில் பாட்டு இருக்கும். மறுபக்கத்தில் குரல் நீக்கிய வெறும் மெட்டு. அந்த மெட்டு ஓடும்போது ஒருவன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, பேச்சும் பாட்டுமாக, நினைத்ததை நினைத்தபடி கட்டிச் சொல்லுவான். அவனுக்குத்தான் அங்கே டீஜே என்று பெயர். ஒரே மெட்டில் நூறு பேர் பாடலாம். யாரும் அதைத் திருட்டு என்று சொல்வதில்லை. மெட்டு பொதுச் சொத்து. நாக்குத்தான் அவரவருடையது.

'அவன், அவன்' என்று எழுதினேனே, காரணத்தோடுதான் எழுதினேன். அது ஆண்களின் சபை. நான்ஸியின் அண்ணன் பிரிகேடியர் ஜெரி அந்தச் சபையில் பெரிய புள்ளி. அண்ணனைப் பார்த்துத்தான் தங்கை ஒலிவாங்கியைப் பிடித்தார். டான்ஸ்ஹாலின் முதல் பெண் டீஜே என்று இன்று அவரைச் சொல்லுகிறார்கள்.

இப்படிப்பட்ட ஒருவரின் முதல் ஆல்பம் என்றதும் எனக்கு ஒரு பயம் இருந்தது. ஆண்கள் சபையில் புகுந்த பெண் என்றால், ஒன்று அழுவாள், அல்லது கத்துவாள். கதைகளில் நாங்கள் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறோம். என் நாவல்களிலேயே சபையில் எழுந்து பேசும் பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் நான் கண்ணீரைக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சைக் கொடுத்தேன். நான்ஸி அழவுமில்லை, கத்தவுமில்லை. தாளம் முன்னால் போகிறது. அவர் அதற்கு அரை அடி பின்னால், கையை வீசிக்கொண்டு, அவசரமில்லாமல் வருகிறார். வாசலில் நின்று அனுமதி கேட்கும் குரல் அல்ல. வீட்டுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரின் குரல்.

ஆனால் ஆல்பம் முழுவதும் அப்படியே இருக்கிறது என்று சொன்னால் அது பொய். 'ஒன்லி வுமன் டீஜே வித் டிகிரி' என்று ஒரு பாட்டு: பட்டம் பெற்ற ஒரே பெண் டீஜே நான்தான் என்பது தலைப்பு. (கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான்; பட்டம் என்றாலே எனக்குச் சற்றுக் கூச்சம்.) 'ஏய்ன்ட் நோ ஸ்டாப்பிங் நான்ஸி' என்று இன்னொன்று: நான்ஸியைத் தடுக்க ஆளில்லை என்று அர்த்தம். இவற்றிலெல்லாம் ஆண் டீஜேக்களின் மார்தட்டல்தான் பெண்குரலில் வருகிறது. கேட்க ஜோராகவே இருக்கிறது. ஆனால் எதிரே ஒருவனை நிறுத்தி வைத்துக்கொண்டு பாடுகிறார் என்பது தெரிந்துவிடுகிறது. எதிராளி போய்விட்டால் பாட்டும் பாதி போய்விடும். 'க்வான் எ ஸ்கூல்' எனக்கு இவற்றைவிடப் பிடித்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் போகச் சொல்லும் சாதாரண விஷயம்தான். 15 பிள்ளைகள் பிறந்த வீட்டிலிருந்து வந்தவர் அல்லவா, அதட்டல் இயற்கையாக வருகிறது.

இனி 'பேம் பேம்'. என் மைத்துனர் மகன் கேட்ட குரல் இந்தப் பாட்டில் இருப்பதுதான். ஆல்பத்துக்கு ஒரு பாட்டு குறைந்ததாம். இடத்தை நிரப்புவதற்காகக் கடைசியில் இதைப் பாடினேன் என்று நான்ஸியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மெட்டு புதிது அல்ல. அன்ஸல் காலின்ஸ் எழுபதுகளில் இதே ரைலிக்காக வாசித்த 'ஸ்டாலக்' மெட்டு. பல்லவியும் புதிது அல்ல. டூட்ஸ் ஹிபர்ட்டும் அவருடைய மேய்ட்டல்ஸ் குழுவும் 1966ல் ஜமைக்காவின் பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கிய பாட்டின் பல்லவி அது. அந்தப் பழைய பாட்டில் ஓர் ஆண், என்னை யாராவது சீண்டினால் நடப்பதே வேறு என்று எச்சரிக்கிறான். நான்ஸி அந்தச் சொற்களை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையைக் கீழே போட்டுவிட்டார். நீ எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தாய் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லுகிறார். நான் பெண்தான், ஆண் அல்ல, இது என் ஆசை, அவ்வளவுதான் என்கிற தோரணையில். மற்றப் பாட்டுகளில் வாதாடிய விஷயமே இங்கே தகவலாகிவிடுகிறது. மெட்டு இரவல், பல்லவி இரவல், நேரமும் இல்லை. தன்னிடம் மிச்சமிருந்தது குரல் ஒன்றுதான் என்பதனால் அதை மட்டும் வைத்துப் பாடியிருக்கிறார்.

எனக்கும் இப்படி ஓர் அனுபவம் உண்டு. என் முதல் சிறுகதைத் தொகுதி அச்சேறும்போது எட்டுப் பக்கம் குறைகிறது என்றார் பதிப்பாளர். ஒரே இரவில் ஒரு கதை எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கும் வாசகர்கள் அந்தக் கதையைப் பற்றித்தான் கடிதம் எழுதுகிறார்கள். ஆறு மாதம் உழைத்த கதைகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. வெகுநாள் இதை வாசகர்களின் குற்றம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

'பேம் பேம்' ஜமைக்காவில் அப்போது பெரிதாக ஓடவில்லை. நான்ஸி தொண்ணூறுகளில் அமெரிக்காவில் நியூ ஜெர்ஸிக்குப் போய், ஒரு வங்கியில் கணக்குப் பார்க்கும் உத்தியோகத்தில் அமர்ந்தார். அந்தச் சமயத்தில் பாட்டு தானாக ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. 1998ல் 'பெல்லி' என்ற படத்தில் வந்தது. அதே வருஷம் லாரின் ஹில் தம் பாட்டொன்றில் அதன் சாயலை எடுத்துக்கொண்டார். பணம்? முப்பது வருஷத்துக்கு மேல் இந்தப் பாட்டுக்காக ஒரு காசு வரவில்லை என்று நான்ஸி சொல்லுகிறார். 2014ல் ஒரு காலணி விளம்பரத்தில் தம் குரலைக் கேட்ட பிறகுதான் வக்கீலைப் பார்த்தார். பாட்டின் உரிமையில் பாதியும், பின்னோக்கிப் பத்து வருஷத்துத் தொகையும் கிடைத்தன. ரைலி 2012லேயே காலமாகிவிட்டார்.

இந்த அநியாயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் இன்று 'ஒன், டூ' பற்றி எழுதுகிறவர்கள் பலர் இதை மட்டுமே சொல்லிவிட்டு, பிறகு இரக்கத்தோடு பாட்டைக் கேட்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1982ல் ஒலிவாங்கியின் முன் நின்ற அந்தப் பெண்ணுக்கு இந்த முப்பது வருஷக் கதை எதுவும் தெரியாது. குரலில் இரக்கத்தைத் தேடினால் கிடைக்காது. சிரிப்புத்தான் இருக்கிறது.

அவருக்குப் பின்னால் எத்தனையோ பெண்கள் வந்துவிட்டார்கள். ஸ்பைஸ் 2021லும் ஷென்ஸியா 2022லும் தங்கள் முதல் ஆல்பங்களைக் கொண்டுவந்தார்கள். ஏராளமான செலவு, நிறையக் கைகள், பளபளப்பு எல்லாம் அவற்றில் உண்டு. 'ஒன், டூ'வில் ஒரு பெண், ஒரு மெட்டு, அவ்வளவுதான். பழக்கமில்லாத காதுக்கு முதல் தடவை வறட்சியாகப் படலாம்.

மைத்துனர் மகனிடம் ஆல்பம் முழுவதையும் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு வந்து, "நடுவிலே கொஞ்சம் இழுக்கிறது மாமா" என்றான். இழுக்கத்தான் செய்கிறது.